நீங்கள் தூக்குங்கள், இனி நான் தூக்குகிறேன்: தோள்மூட்டைக் கையால் பார்ப்பது

சல்லியிலிருந்து ஒரு மகள் தன் தகப்பனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 57. கரைவலை இழுப்பவர், சீனி வருத்தமும் உண்டு. நான்கு மாதமாக வலது தோளில் நோவு. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை, சேட்டுக் கையை நுழைக்கவே சிரமப்படுகிறார். வைத்தியர் சட்டையைக் கழற்றச் சொல்லி, கையை மேலே, பக்கத்தில், முதுகுக்குப் பின்னே கொண்டுபோகச் சொல்லி, தானும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஸ்கான் எதுவும் இல்லை. “கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் என்ன தெரிந்துவிடப் போகிறது? கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?” என்பது கேள்வி.

தங்கச்சி, சட்டையைக் கழற்றச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சட்டைக்கு மேலால் தோளைப் பார்ப்பது மூடிய பானையைப் பார்த்துச் சோறு வெந்ததா என்று சொல்வது போன்றது. நான் திருகோணமலையில் இயன்மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் தோள்களோடு மல்லுக்கட்டி வருகிறவன். கையை நோயாளி தானாகத் தூக்கும்போது எவ்வளவு போகிறது, அதே கையை நான் பிடித்துத் தூக்கும்போது எவ்வளவு போகிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தோள் வருத்தங்களில் பெரும்பகுதி பிரிந்துவிடும். அசையாமல் படுக்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

பரிசோதனைக்கு முன்னால் பேச்சு. கரைவலைக்காரரிடம் நான் முதலில் கேட்பது, கயிறு இழுக்கும்போது நோகிறதா, வலையைத் தோணிக்குள் தூக்கிப் போடும்போது நோகிறதா என்பதைத்தான். இழுக்கும்போது கை இடுப்பு மட்டத்தில் இருக்கும், பாரத்தைக் காலும் முதுகும் வாங்கிக்கொள்ளும். தூக்கிப் போடும்போது கை தோளுக்கு மேலே போகிறது. முன்னது நோகாமல் பின்னது நோகிறது என்றால் என் கண் தோளின் கூரைக்கு, அதாவது மூட்டுக்கு மேலே கூரை போல நிற்கும் எலும்பு முனைக்குக் கீழே போகும். இரண்டும் நோகிறது, சும்மா இருந்தாலும் நோகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிறது என்றால் மூட்டுறையைப் பற்றி யோசிப்பேன். விழுந்தாரா, எப்படி விழுந்தார், கையை ஊன்றியா, தோள் அடிபட்டா என்பதும் அப்போதே தெரிந்துவிட வேண்டும்.

பிறகு கண். இரண்டு தோளும் ஒன்றாகத் தெரிய வேண்டும்; நோகிற தோளுக்கு நோகாத தோளே அளவுகோல். (பெண்களுக்கு மார்புக்குக் குறுக்கே துவாயைக் கட்டி இரண்டு தோளையும் வெளியே விட்டாற் போதும், வெட்கத்துக்கும் இடம் வைத்துப் பார்க்கலாம்.) முன்னாலிருந்து பார்க்கும்போது காறை எலும்பு நெடுகச் சீராக இருக்கிறதா, அதன் வெளி முனையில் படி போல ஏதாவது எழும்பி நிற்கிறதா என்று பார்க்கிறோம். மோட்டார் சைக்கிளிலிருந்து தோள் அடிபட விழுந்தவர்களுக்கு அந்தப் படி தெரியும். காறை எலும்பு தோட்பட்டையோடு சேருகிற மூட்டு கழன்றிருக்கும். மேற்கையின் முன்பக்கத் தசை முழங்கைக்குச் சற்று மேலே பந்து போலத் திரண்டு கிடந்தால் பைசெப்ஸ் தசையின் நீண்ட நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு) அறுந்திருக்கிறது. நடுத்தர வயது தாண்டிய உழைப்பாளிகளிடம் இது அபூர்வமில்லை. “பழைய கட்டி” என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் வேலை செய்கிறவர்களும் உண்டு.

முதுகுப்பக்கம்தான் பலர் பார்க்காமல் விடும் பக்கம். தோட்பட்டை எலும்பின் குறுக்கே ஒரு வரம்பு ஓடுகிறது, வயல் வரம்பு மாதிரி. அதற்கு மேலும் கீழும் உள்ள பள்ளங்களைத் தசை நிரப்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குழிந்து வரம்பு துருத்தி நின்றால், தசைநாண் பல மாதங்களுக்கு முன்பே அறுந்திருக்கலாம், அல்லது அந்தத் தசைக்குப் போகும் நரம்பு கெட்டிருக்கலாம். சுவரைத் தள்ளச் சொல்லும்போது தோட்பட்டை சிறகு போல எழும்பினால் அது வேறு ஒரு நரம்பின் சங்கதி. ஆனால் ஒரு எச்சரிக்கை: உழைக்கிற கைத் தோள் பெரும்பாலும் சற்றுப் பருத்தும் தாழ்ந்தும் இருக்கும். முப்பது வருடம் கயிறு இழுத்தவரின் இரண்டு தோளும் ஒன்றாக இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

தொட்டுப் பார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலிருந்து கிடைப்பதும் சுருக்கம்தான். நெஞ்செலும்பில் தொடங்கிக் காறை எலும்பின் வழியே விரலை நடத்திக்கொண்டு போய், அதன் வெளி முனை மூட்டு, கீழே மேற்கை எலும்பின் முன்பள்ளம், பக்கத்து மேடு என்று ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். எலும்பு முறிந்த இடமும் காறை முனை மூட்டும் விரலுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும். மற்ற இடங்கள் நோகாத தோளிலும் அழுத்தினால் நோகும்.

இனி அசைவு. இங்கேதான் நேரம் செலவழிய வேண்டும்.

தோள்மூட்டு என்பது சின்னச் சாசரில் வைத்த தோடம்பழம். பழம் பெரிது, சாசர் சிறிது. அதனால்தான் உடம்பில் வேறெந்த மூட்டும் சுற்றாத அளவுக்கு அது சுற்றுகிறது, அதனால்தான் வேறெந்த மூட்டையும் விட எளிதாக விலகுகிறது. பழத்தைச் சாசரில் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைகளின் நாண்கள். சட்டைக்கையின் மணிக்கட்டுப் பட்டி போலச் சுற்றிப் பிடித்திருப்பதால் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். கையை முழுக்க மேலே தூக்குவது 180 பாகை என்றால், அதில் ஏறத்தாழ 120 தோள்மூட்டிலும் மிச்சம் 60 தோட்பட்டை எலும்பு நெஞ்சுக்கூட்டின் மேல் வழுக்கிச் சுழல்வதிலும் வருகிறது. இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கை 1944 இல் இன்மனும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் எழுதி வைத்தார்கள். பரிசோதிக்கிறவர் பின்னால் நிற்க வேண்டியது இதற்காகத்தான். மூட்டு இறுகியவர் கையைத் தூக்கும்போது முதலிலேயே தோட்பட்டை முழுவதும் காதை நோக்கி எழும்பும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கை பாதி உயர்ந்தது போலத் தெரியும். உண்மையில் மூட்டு அசைந்திருக்காது, தோள் மட்டும் ஏறியிருக்கும்.

முதலில் அவராகவே இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து உயர்த்த வேண்டும். நோவு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் விடுகிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 வரை நொந்து, அதற்கு மேல் போனதும் முகம் தெளிந்தால் தோளின் கூரைக்குக் கீழே நாண் உரசுகிறது என்று முதல் ஊகம். கீழே முழுக்கச் சுகமாக இருந்து, காதை ஒட்டும் கடைசிப் பாகைகளில் மட்டும் உச்சியில் குத்தினால் காறை முனை மூட்டு. இறக்கும்போதும் பார்க்க வேண்டும். ஏற்றியதைவிட இறக்குவதில்தான் கிழிந்த நாண் காட்டிக்கொடுக்கும்.

பிறகு முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடித்து, கதவைத் திறப்பது போல முன்கைகளை வெளியே திருப்பச் சொல்வோம். பிறகு பெருவிரலை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு உயரம் கொண்டுபோக முடிகிறது என்று பார்ப்போம். சாதாரணமாகப் பலருக்கு அது தோட்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டம் வரை எட்டும்; சிலருக்கு இன்னும் மேலே. சாரத்தைப் பின்னால் சொருக முடியவில்லை, பிளவுஸ் கொக்கி எட்டவில்லை என்று வீட்டில் சொல்கிறார்களே, அந்த அசைவுதான் இது.

இப்போது அதே அசைவுகளை நான் செய்வேன். அவர் கையைத் தளர்த்திவிட வேண்டும். சொல்வது எளிது, நோகிற கையை இன்னொருவர் கையில் ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது. சென்ற மாதம் மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், “விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பல்லைக் கடித்துக் கையை இரும்பாக வைத்திருந்தார். அவருடைய பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். பேச்சு தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் கை என் உள்ளங்கையில் பாரமாக இறங்கியது. தானாகத் தூக்கும்போது தோள் மட்டத்தைத் தாண்டாத அந்தக் கை, நான் தூக்கியபோது காது வரை வழுவழுவென்று போனது. விட்டதும் தொப்பென்று விழுந்தது. மூட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது, திறக்கிற கயிறு அறுந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு எடுத்த அல்ட்ராசவுண்டும் அதையே சொன்னது.

இதற்கு நேர்மாறாக, நான் பிடித்துத் திருப்பும்போதும் அதே இடத்தில் சுவரில் முட்டுவது போல நின்றுவிட்டால், அதிலும் முக்கியமாக வெளித்திருப்பம் நின்றுபோயிருந்தால், மூட்டே இறுகியிருக்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அதுதான் உறைந்த தோள். 1934 இல் பாஸ்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் கோட்மன் வைத்த பெயர். அவரே இதை வரையறுப்பதும் குணப்படுத்துவதும் விளக்குவதும் கடினம் என்று கைவிரித்தவர். 40 க்கும் 60 க்கும் இடைப்பட்ட வயதில் அதிகம் வருகிறது. சீனி வருத்தக்காரருக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, பிடிவாதமாகவும் இருக்கிறது. உங்கள் அப்பாவின் வயதும் சீனியும் இரவு நோவும் சட்டைக்கையும் எந்தப் பக்கம் கைகாட்டுகின்றன என்று உங்களுக்கே இப்போது விளங்கியிருக்கும். ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தவர் வெளித்திருப்பத்தைப் பற்றி என்ன எழுதினார் என்பதைக் கிளினிக் கொப்பியில் பாருங்கள்.

அடுத்தது பலம் பார்ப்பது. கையைச் சற்று முன்பக்கமாக விரித்து, பெருவிரல் நிலத்தைப் பார்க்க, மேலிருந்து நான் அழுத்தும்போது அவர் தாங்க வேண்டும். இது கூரைக்குக் கீழே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைக்கு. முழங்கையை விலாவோடு ஒட்டி வெளியே தள்ளச் சொல்வது பின்பக்கத் தசைகளுக்கு. புறங்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து முதுகிலிருந்து தூக்கச் சொல்வது தோட்பட்டை எலும்பின் முன்பக்கத்தில் இருக்கும் தசைக்கு. 1991 இல் கெர்பர் விவரித்தது. கை பின்னால் போகாதவர்களுக்கு உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொல்லலாம். இவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோவினால் விட்டுவிடுவதும் பலமில்லாமல் விட்டுவிடுவதும் பரிசோதிக்கிறவர் கைக்கு ஒன்று போலவே தெரியலாம். கவனித்தால், நோவென்றால் முதலில் தாங்கிவிட்டுத் திடீரென்று கைவிடுவார். கிழிசல் என்றால் தொடக்கத்திலிருந்தே கஞ்சிப் பதம். சந்தேகம் தீராவிட்டால் வைத்தியர் கூரைக்குக் கீழே மரக்கச் செய்யும் ஊசி போட்டு மறுபடி பார்ப்பார். நோவு போய்ப் பலம் திரும்பினால் நாண் பெரும்பாலும் முழுதாக இருக்கிறது.

நான் அதிகம் நம்புவது வேறொன்று. கையை வெளியே முழுக்கத் திருப்பி வைத்து “இப்படியே பிடியுங்கள்” என்று சொல்லிவிட்டு என் கையை எடுத்துவிடுவேன். முன்கை வயிற்றை நோக்கித் தானாகத் திரும்பி வந்தால், அது பெரிய கிழிசலின் அடையாளம். நடிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

நீயர், ஹோக்கின்ஸ் என்று ஆள் பெயரில் இருக்கும் பரிசோதனைகளைப் பற்றி இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். கையைப் பிடித்துத் தூக்கியோ, மடித்து உள்ளே திருப்பியோ கூரையோடு உரச வைக்கிற வித்தைகள் அவை. நொந்துகொண்டிருக்கும் ஏறத்தாழ எந்தத் தோளும் அவற்றில் நோகும். நோகாவிட்டால்தான் செய்தி. தனித்தனியாக அவற்றை நம்பி முடிவெடுப்பவர்களிடம் எனக்குப் பெரிய மதிப்பில்லை. மாணவர்கள் இருபது பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

கழுத்தைச் சொன்னேன். தோள் நோவு என்று வருபவர்களில் ஒரு பங்கினருக்குத் தோளில் ஒன்றுமில்லை. நோவு முழங்கையைத் தாண்டி விரல் வரை இறங்கி விறைக்கிறது, கையை உயர்த்தித் தலையில் வைத்தால் சுகமாக இருக்கிறது என்றால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். தோளை எப்படி அசைத்தாலும் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால் இன்னும் கவனம். பித்தப்பை, உதரவிதானம், நுரையீரலின் உச்சி, இதயம் எல்லாம் தங்கள் நோவைத் தோளுக்கு அனுப்பக் கூடியவை. மேட்டில் ஏறும்போது மட்டும் இடது தோள் கனத்து, நின்றால் விடுகிறவர் கோணேசர் கோவில் ஏற்றத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காமல் இதய வைத்தியரிடம் போக வேண்டும்.

விழுந்து அடிபட்ட தோளுக்கு ஒழுங்கு மாறும். அங்கே அசைத்துப் பார்ப்பது கடைசி. தோளின் உருண்டை போய்ச் சதுரமாகத் தெரிகிறது, கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு வருகிறார் என்றால் மூட்டு முன்பக்கமாக விலகியிருக்கிறது. விலகல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. மணிக்கட்டில் நாடி பார்க்க வேண்டும், விரல்களை அசைக்கச் சொல்ல வேண்டும், சீருடையில் தோளுக்குக் கீழே பட்டி தைக்கும் இடத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலகிய மூட்டைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்னும் ஒருமுறை, பொருத்திய பின்னும் ஒருமுறை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லையென்று தெரிவதற்கு முன் யாரும் இழுக்கக் கூடாது. நம் ஊரில் முறிவு நெரிவு வைத்தியர்களுக்கு நல்ல பெயர் உண்டு, அவர்களிடம் கைப்பக்குவம் உள்ளவர்களையும் எனக்குத் தெரியும். இருந்தாலும் விலகிய தோளை முதலில் அங்கே கொண்டு போகாதீர்கள். வயதான பெண்கள் முற்றத்தில் வழுக்கி விழுந்தால் மேற்கை எலும்பின் கழுத்து முறிவது வழக்கம். சில நாட்களில் கருநீலம் மார்புக்கும் முழங்கைக்கும் இறங்கும். அதைப் பார்த்து நோய் பரவுகிறதென்று பயப்பட வேண்டாம், இரத்தம் கீழே வடிகிறது, அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டியவரின் விலகிய தோளைத் திரும்பப் பொருத்திய பிறகும் கையைத் தூக்க முடியாவிட்டால் நாண் கிழிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அங்கே ஸ்கானுக்கு நானே அவசரப்படுத்துவேன்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் மின்சார வேலை செய்யும் ஒரு தம்பி உறைந்த தோள் என்ற சீட்டோடு என்னிடம் வந்தார். முன்னிருந்து எடுத்த ஒரு எக்ஸ்ரே, அதில் குறையொன்றும் எழுதப்படவில்லை. கை வயிற்றோடு ஒட்டியிருந்தது, வெளியே துளியும் திரும்பவில்லை. சீட்டில் எழுதியது பொருந்துகிறதே என்று இரண்டு கிழமை வெந்நீர் ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தேன். முப்பது வயதுக்காரருக்கு ஏன் தோள் உறைய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் அவர் தாழ்ந்த ஸ்டூலில் இருக்க, நான் பின்னால் நின்று மேலிருந்து குனிந்து பார்த்தேன். ஒரு தோள் முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் உருண்டையாகவும் இருந்தது. நோவு எப்படித் தொடங்கியது என்று அப்போதுதான் கேட்டேன். கரண்ட் அடித்ததாம். மூட்டு பின்பக்கமாக விலகி அத்தனை நாளும் அப்படியே கிடந்திருக்கிறது. கரண்ட் அடித்தாலும் வலிப்பு வந்தாலும் தோள் பின்னால் விலகும், முன்னிருந்து எடுக்கும் படத்தில் அது தப்பிவிடும், அக்குள் வழியே இன்னொரு படம் எடுக்க வேண்டும். இவையெல்லாம் புத்தகத்தில் இருப்பவைதான், நானும் படித்தவன்தான். அன்றிலிருந்து யாரையும் தாழ்ந்த ஸ்டூலில் இருத்தாமல், மேலிருந்து பார்க்காமல் கையைத் தொடுவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். அறுபதை நெருங்குகிறவர்களின் தோளைப் படம் எடுத்தால், ஒரு நோவும் இல்லாதவர்களிடம்கூட நாண் கிழிசல்கள் தென்படும். தலை நரைப்பது போல அதுவும் ஒன்று. அப்பாவின் படத்திலும் ஏதாவது ஒரு கிழிசல் எழுதி வரலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நோவுக்குக் காரணம் அதுதான் என்று வீட்டார் எல்லோரும் அதன் பின்னால் ஓடுவீர்கள். சத்திரசிகிச்சை யோசனை வரும்போதும், பயிற்சி செய்தும் பலம் திரும்பாதபோதும், பரிசோதனையும் கதையும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதும் ஸ்கான் தேவை. ஆனால் நான்கு மாதத்து இறுகிய தோளுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே கேட்பது நியாயம். அது இல்லாமல் மூட்டுத் தேய்வையும் வேறு சிலதையும் ஒதுக்க முடியாது. அதை அடுத்த முறை நீங்களே மரியாதையாகக் கேளுங்கள். ஊசி போடும் பேச்சு வந்தால் சீனி வருத்தத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீரோய்டு ஊசி சில நாட்களுக்குச் சீனியை ஏற்றும். காய்ச்சலோடு தோள் சுட்டு வீங்கினாலும், காரணமில்லாமல் மெலிந்தாலும், கை திடீரென்று விழுந்துவிட்டாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கன்னியா வெந்நீரில் குளித்தால் நல்லதா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். குளிக்கலாம், சூடு தசையைத் தளர்த்தும். இறுகிய மூட்டுறையை அது அவிழ்க்காது.

நாளைக் காலை, வலை இல்லாத நாளென்றால், அப்பாவைக் கதிரையில் இருத்திச் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வைத்து முன்கைகளை வெளியே திருப்பச் சொல்லி, இரண்டும் எவ்வளவு திரும்புகின்றன என்று பாருங்கள். பிறகு பெருவிரல் முதுகில் எட்டும் இடம்: பிட்டமா, சாரக்கட்டா, அதற்கு மேலா. வற்புறுத்தி இழுக்காதீர்கள். பார்த்ததை அடுப்படி நாட்காட்டியில் அன்றைய திகதியிலேயே எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இதையே செய்து எழுதி, அடுத்த கிளினிக்குக்கு நாட்காட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.